ஊசியை எங்கே குத்துவது என்று மெஷினுக்கு யார் சொல்வது?

மார்ச் பிறந்தால் எங்கள் பயோமெடிக்கல் துறையில் புராஜெக்ட் ரிவ்யூ களைகட்டிவிடும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் எதற்கு. எந்த வருஷமானாலும் ஒரு குழுவாவது "ஈஎம்ஜி சிக்னலிலிருந்து நரம்புத்தசை நோய்களைக் கண்டறியும் மெஷின் லேர்னிங் மாடல்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு வந்து நிற்கும். ஸ்லைடுகள்கூட ஒரே அச்சுதான். முதலில் மோட்டார் நியூரான் நோயோடு வாழ்ந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் படம், அப்புறம் வேவ்லெட் என்கிற சிக்னலைக் கூறுபோடும் கணக்கு, அப்புறம் சிஎன்என் என்கிற, படம் பார்த்துப் பழகும் நெட்வொர்க்கின் கட்டங்கள், கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு துல்லிய சதவீதம், நூறுக்கு ஒரு மயிரிழை குறைவாக. கைதட்டுவார்கள். யாராவது ஒரு பேராசிரியர் "பேட்டன்ட் போடலாமே" என்பார்.

நான் அந்த இடத்தில் கொஞ்சம் கெட்டவன். "எத்தனை பேரோட சிக்னல்ப்பா இது?" என்று கேட்பேன். "ஆயிரக்கணக்கான சாம்பிள் சார்" என்று பதில் வரும். "சாம்பிள் கேக்கல, ஆளு. எத்தனை ஆளுங்க?" அங்கேதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் இந்த ஈஎம்ஜி டெஸ்ட் என்னவென்று சொல்லிவிடுகிறேன். செய்துகொண்டவர்களுக்குத் தெரிந்திருக்கும், மறக்கவும் முடியாது. நம் பக்கத்தில் "கரன்ட் வச்சுப் பாக்குற டெஸ்ட்" என்றும் "ஊசி டெஸ்ட்" என்றும் சொல்கிறார்களே, அவை பெரும்பாலும் ஒரே அறையில் அடுத்தடுத்து நடக்கிற இரண்டு வேறு சோதனைகள். முதலாவதில் தோலுக்கு மேலேயே சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, நரம்பு வழியாகச் சேதி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளப்பார்கள். கையில் நொடிக்கு 50 மீட்டர், காலில் 40 மீட்டர் வாக்கில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாவதுதான் ஈஎம்ஜி. மெல்லிய ஊசியைத் தசைக்குள் இறக்கி, அங்கே உண்டாகும் மின்சாரத்தைத் திரையில் பார்ப்பார்கள், காதாலும் கேட்பார்கள். இந்தக் கேட்பது சும்மா பேச்சுக்கு இல்லை, மெஷினிலேயே ஸ்பீக்கர் இருக்கிறது. 1929-ல் ஏட்ரியன், பிராங்க் என்ற இருவர் ஊசிக் குழாய்க்குள் காப்பிட்ட கம்பி ஒன்றைச் செருகித் தசைக்குள் விட்டுப் பார்த்தார்கள்; இன்றைக்கும் மருத்துவமனையில் குத்துகிற ஊசி அடிப்படையில் அதே அமைப்புதான். ஊசியில் கிடைக்கும் சிக்னல் 20 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 ஹெர்ட்ஸ் வரை போகும். நம் காது கேட்பது 20-லிருந்து 20,000 வரை. அதனால் சிக்னலை எதுவும் செய்யாமல் அப்படியே ஸ்பீக்கருக்குள் விட்டாலே போதும், காதுக்குப் புரியும். பழகிய டாக்டர்கள் திரையைப் பார்க்காமலே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

என்ன கேட்கிறார்கள்? முதுகுத்தண்டில் ஒரு நரம்பு செல், அதிலிருந்து இறங்கி வரும் ஒரு நரம்பிழை, அது கிளை பிரிந்து பிடித்து வைத்திருக்கும் தசை இழைகள் எல்லாம் சேர்ந்து ஒரு மோட்டார் யூனிட். அந்த செல் ஒரு தடவை உத்தரவு போட்டால் அதன் இழைகள் அத்தனையும் சேர்ந்து துடிக்கும், ஊசியில் ஒரு சின்ன அலை விழும். சாதாரணமாக அந்த அலை 5-லிருந்து 15 மில்லி செகண்ட் நீளம் இருக்கும். நரம்பு செல்கள் சாகும் நோய்களில் மிச்சமிருக்கிற செல்கள் அநாதையான இழைகளையும் தத்தெடுத்துக்கொள்வதால் அலை உயரமாகவும் நீளமாகவும் ஆகிவிடும், ஆனால் எண்ணிக்கை குறைந்திருக்கும். முழு பலத்தோடு மடக்கச் சொன்னாலும் திரை நிறையாது. தசையே கெடும் நோய்களில் தலைகீழ்: அலைகள் குட்டையாக, குறுகலாக இருக்கும், கொஞ்சம் அசைத்தாலே கூட்டமாக வந்து திரையை அடைக்கும். தசையைச் சும்மா வைத்திருக்கும்போது அமைதியாக இருக்க வேண்டும். நரம்புத் தொடர்பு அறுந்த இழைகள் மட்டும் தானாகவே ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருக்கும், தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் மாதிரி. இறுகிய தசை சட்டென்று தளராத மயோடோனியா வகை நோய்களில் சத்தம் ஏறி ஏறி இறங்கும். "டைவ் பாம்பர்" என்று இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சு விமானத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை கேட்டால் மறக்காது.

சரி, இது அத்தனையும் எண்ணாக்கக்கூடிய விஷயம்தானே? உயரம், நீளம், எத்தனை தடவை நடுக்கோட்டைத் தாண்டுகிறது, எத்தனை யூனிட் வருகிறது. கோபன்ஹேகனில் ஃபிரிட்ஸ் புக்தால் 1950-களிலேயே ஒரு தசையில் இருபது இருபதாக அலைகளைக் கையால் அளந்து சராசரி போட்டு வயதுவாரியாக அட்டவணை தயாரித்தவர். அந்த வேலையைக் கணினி செய்தால் என்ன என்று 1960-களிலிருந்தே முயற்சி நடக்கிறது. இப்போது சிஎன்என் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆக என் மாணவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மோசமான கேள்வி கிடையாது. அவர்கள் கையில் இருக்கிற டேட்டாவில்தான் கதை.

இந்தத் துறையில் சுற்றிச் சுற்றி வரும் டேட்டா ஒன்று உண்டு. 2001-ல் கோபன்ஹேகனில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சேகரித்தது, ஈஎம்ஜிலேப் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைத்ததால் உலகம் முழுக்க எடுத்து உபயோகிக்கிறார்கள். ஆரோக்கியமானவர்கள் 10 பேர், தசைநோய் உள்ளவர்கள் 7 பேர், ஏஎல்எஸ் என்கிற, தசையை இயக்கும் நரம்பு செல்கள் சாகும் மோட்டார் நியூரான் நோய் உள்ளவர்கள் 8 பேர். மொத்தம் 25 பேர். அதிகமாக எடுத்தது புஜத்துத் தசையில், அதாவது பைசெப்ஸில். நொடிக்கு இருபத்து மூவாயிரம் புள்ளிகளுக்கு மேல் பதிவாகியிருப்பதால் ஃபைல்கள் பெரிதாக இருக்கும், ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக நறுக்கினால் ஆயிரக்கணக்கான சாம்பிள் கிடைத்துவிடும். கிடைத்த துண்டுகளை எல்லாம் ஒரே குவியலாகக் கலைத்துப்போட்டு, எண்பது சதவீதத்தைப் பயிற்சிக்கும் இருபதைத் தேர்வுக்கும் வைத்தால் என்ன ஆகும்? ஒரே ஆளின் ஒரே நாள் பதிவு, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் விழும். அந்த ஊசி இருந்த இடம், அந்த ஆளின் தோல், அந்த அறையின் இரைச்சல், எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. மாடல் நோயைப் படிக்கத் தேவையே இல்லை. "இது அந்த ஆள்" என்று கண்டுபிடித்தால் போதும், அந்த ஆளுக்கு என்ன நோய் என்பது ஏற்கனவே மனப்பாடம். வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்ட தேர்வில் சென்டம் வாங்கினால் என்ன பெருமை?

இதைத் தடுக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஒரு ஆளை முழுசாக எடுத்து வெளியே வைத்துவிட்டு மற்ற 24 பேரை வைத்துப் பயிற்சி கொடு, அப்புறம் வெளியே வைத்த ஆளைக் காட்டிக் கேள். இப்படி 25 தடவை. ஒரு ஆள் தப்பானால் துல்லியத்தில் 4 சதவீதம் போச்சு. இருபத்தைந்தும் சரியாகவே வந்தாலும், புள்ளியியல் கணக்குப்படி உண்மையான தவறு விகிதம் 11 சதவீதம் வரை இருக்க இடமுண்டு, ஏனென்றால் 25 பேர் என்பது அவ்வளவு சின்னக் கூட்டம். அந்த நிலையில் தசமப்புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் போட்டுத் துல்லியம் எழுதுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். பிரசுரமான கட்டுரைகளிலேயே ஆளை வைத்துப் பிரித்தார்களா துண்டை வைத்துப் பிரித்தார்களா என்று ஒரு வரிகூட இல்லாமல் வருவதைப் பார்த்தால் மாணவர்களை மட்டும் எப்படித் திட்டுவது.

இன்னொன்றும் இருக்கிறது, இது கொஞ்சம் நுட்பம். அந்த டேட்டாவில் ஆரோக்கியமானவர்களின் வயது 21-லிருந்து 37. ஏஎல்எஸ் நோயாளிகள் 35-லிருந்து 67. வயது கூடினால் மோட்டார் யூனிட் அலைகள் இயல்பாகவே நீளும், புக்தால் அட்டவணையை வயதுவாரியாகப் போட்டதே அதற்காகத்தான். அப்படியானால் மாடல் கண்டுபிடித்தது நோயையா, நரைத்த தலையையா? இது ஈஎம்ஜிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2018-ல் அமெரிக்காவில் மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கும் மாடல்களைச் சோதித்தபோது, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை அவை கிட்டத்தட்ட பிசகாமல் கண்டுபிடித்தது தெரிய வந்தது. நிமோனியா அதிகம் வரும் மருத்துவமனை எது என்று தெரிந்தால் நுரையீரலைப் பார்ப்பானேன்?

இதுவரை சொன்னது கணக்கு. ஆளைப் பார்த்துப் பிரிப்பது, வயதைச் சமன் செய்வது, பெரிய டேட்டா சேர்ப்பது எல்லாம் உழைத்தால் முடிகிற காரியம். இதையெல்லாம் சரிசெய்துவிட்டாலும் அடியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் புரியவில்லை, சித்தப்பாவோடு போய் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

சித்தப்பா முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். அறுபதைத் தாண்டியும் வேலையை விடவில்லை, சர்க்கரை வேறு. வலது கையில் ஸ்பேனர் நிற்கவில்லை, நழுவுகிறது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிப் பள்ளமாகக் கிடந்தது. சித்தியின் தம்பி யூடியூபில் பார்த்துவிட்டு ஏஎல்எஸ் என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கைகால் விஷயம் என்றால் யோசிக்கவே மாட்டார்கள், பாண்டிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில்காரர்கள் இன்னும் முன்னாலேயே கிளம்பி வர வேண்டும். ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டுப் பக்கம் காலையில் போய்ப் பார்த்தால் பாதி தென்னாற்காடு அங்கேதான் நிற்கும். நாங்கள் போனது வேறு ஒரு நரம்பியல் டாக்டரிடம்.

அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "சுண்டு விரல் மரத்துப்போகுதா?"

"மரக்கும் டாக்டர். ராத்திரியில எழுந்து கைய உதறுவேன். அது சர்க்கரையால தானே?"

"ரெண்டு கையிலயுமா?"

"இல்ல, இதுல மட்டும்தான்."

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். ஆனால் எனக்கு மூச்சு வந்தது. ஏஎல்எஸ் இயக்க நரம்புகளைத் தின்னும் நோய், மரத்துப்போவது அதன் குணமில்லை. யூடியூப் போட்ட குண்டின் திரியை ஒரே ஒரு கேள்வி பாதி பிடுங்கிவிட்டது. என் மாணவர்கள் நறுக்கும் சிக்னலில் இந்தப் பதில் எந்த இடத்திலும் கிடையாது, கிடைக்கவும் செய்யாது. தசையில் குத்துகிற ஊசிக்கு உணர்ச்சி நரம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அப்புறம் டெஸ்ட். ஏசி அறை. டெக்னீஷியன் சித்தப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கை ஜில்லுன்னு இருக்குய்யா" என்று வெந்நீர்ப் பையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். நல்ல டெக்னீஷியன். தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். கை குளிர்ந்தவர் எல்லாம் நரம்பு கெட்டவர் ஆகிவிடுவார். கை சூடானதும் மணிக்கட்டில், முழங்கைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே என்று மூன்று இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார், முழங்கையை மடக்கச் சொன்னார், டேப்பை வைத்து அளந்தார், ஒவ்வொரு புள்ளியிலும் ஷாக் கொடுத்தார். சுண்டு விரல் பக்கத்துத் தசை ஒவ்வொரு தடவையும் வெட்டி இழுத்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குக் கீழே வரை வேகம் ஒழுங்காக 50-க்கு மேல். முழங்கையைத் தாண்டுகிற அந்தப் பத்து சென்டிமீட்டரில் மட்டும் முப்பதுக்குப் பக்கத்தில் விழுந்தது. பத்து சென்டிமீட்டரில் டேப் ஒரு சென்டிமீட்டர் நழுவினாலே விடை பத்து சதவீதம் மாறிவிடும், அதனால் டெக்னீஷியன் மறுபடியும் அளந்து மறுபடியும் ஷாக் கொடுத்தார். சித்தப்பா என்னைப் பார்த்து, "உன் காலேஜ்லயும் புள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லித் தரீங்களா?" என்றார்.

ஊசி எடுக்க டாக்டரே வந்தார். முதல் குத்து அந்தப் பள்ளம் விழுந்த சதையில். "ஒண்ணும் பண்ணாதீங்க, கைய அப்படியே தளர விடுங்க." சும்மா இருந்த தசையிலிருந்து அந்த மழைச் சத்தம் வந்தது, விட்டுவிட்டு இல்லாமல் சீராக. "இப்ப ஆள்காட்டி விரலை லேசா விரிங்க. லேசா. போதும்." பெரிய பெரிய அலைகளாகச் சில மட்டும். "இப்ப முழு பலத்தோட." அப்போதும் திரையில் இடைவெளி தெரிந்தது. நரம்பு அடிபட்ட தசையின் எல்லா அடையாளமும் இருந்தது. டாக்டர் ஊசியை எடுத்தார், ஒரு நொடி யோசித்தார், கட்டைவிரல் அடியில் இருக்கும் மேட்டில் அடுத்ததைக் குத்தினார்.

அந்த ஒரு நொடி யோசனைதான் நான் சொல்ல வந்தது. பள்ளம் விழுந்த சதைக்கும் கட்டைவிரல் மேட்டுத் தசைக்கும் கழுத்தில் ஒரே வேர்களிலிருந்துதான் நரம்பு இறங்குகிறது, ஆனால் வரும் வழி வேறு: ஒன்று அல்நார் நரம்பு வழியாக முழங்கையின் உள்பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறது, இன்னொன்று மீடியன் நரம்பு வழியாகக் கையின் நடுவில். கோளாறு கழுத்து வேரிலோ முதுகுத்தண்டு செல்லிலோ இருந்தால் இரண்டு தசையும் மாட்டும். முழங்கையில் இருந்தால் முதல் தசை மட்டும். கட்டைவிரல் மேடு அமைதியாக இருந்தது, அசைத்தால் ஒழுங்கான அலைகள். அடுத்து முன்கையின் பின்புறம், அதே வேர், ஆனால் மூன்றாவது நரம்பு. அதுவும் நார்மல். பிறகு பெயருக்கு ஒரு காலில் ஒரு குத்து, அதிலும் ஒன்றுமில்லை. முடிந்தது. முழங்கையில் அல்நார் நரம்பு நசுங்கியிருக்கிறது. வருஷக்கணக்காக இன்ஜின் விளிம்பில் முழங்கையை ஊன்றி வேலை பார்த்தவர், ராத்திரியில் கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறவர், சர்க்கரையும் இருக்கிறது. எல்லாம் பொருந்தியது.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நான் என் மாணவர்களின் மாடலை சித்தப்பா மேல் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதற்குத் தெரிந்தது பைசெப்ஸ். சித்தப்பாவின் பைசெப்ஸ் வேறு நரம்பு, வேறு வேர், அதில் ஒரு குறையும் இல்லை. ஆக மாடல் "நார்மல்" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும். சரி, பள்ளம் விழுந்த சதையிலிருந்தே சிக்னல் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நரம்பு அடிபட்ட அலைகள் தெரியும். ஆனால் அதற்குத் தெரிந்த பெட்டிகள் மூன்றுதான், நார்மல், தசைநோய், ஏஎல்எஸ். நரம்பு அடிபட்டது என்றால் அதற்கு ஒரே பெயர் ஏஎல்எஸ். மூன்று வருஷத்தில் முடிந்துபோகும் என்று பயந்துகொண்டிருந்த குடும்பத்துக்கு, "ஆமாம், அதுதான்" என்று உயர்ந்த துல்லியத்தோடு ஒரு பச்சைப்பொய். ஒரு தசையில் சொன்னால் ஒன்றுமில்லை, இன்னொரு தசையில் சொன்னால் மரணம். இரண்டு விடையும் தப்பு, இரண்டும் அந்த மாடலின் கணக்குப்படி சரி.

ஈஎம்ஜி ரிப்போர்ட்டில் வருகிற சிக்னல், ஒருவர் யோசித்து, கேட்டு, தொட்டுப் பார்த்து, எங்கே குத்துவது என்று முடிவெடுத்த பிறகு கிடைக்கிற மிச்சம். நோயறிதலின் பாதி அந்தத் தேர்வில் முடிந்துவிடுகிறது. மாடலுக்கு நாம் கொடுப்பது அந்தத் தேர்வுக்கு அப்புறம் இருக்கிற பாதியை மட்டும், அதிலும் எளிய பாதியை. டாக்டரைத் தோற்கடித்துவிட்டது என்று பெருமையாக எழுதுகிறார்கள். டாக்டர் ஏற்கனவே கண்டுபிடித்து, வகைபிரித்து, சந்தேகமான கேஸ்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் கொடுத்த டேட்டாவில்தான் அந்த வெற்றி. உண்மையான ஓபியில் வருகிறவர்களோ கழுத்து வேர் தேய்ந்தவர்கள், சர்க்கரை நரம்பு, மணிக்கட்டில் நசுங்கியது, எப்போதோ போலியோ வந்து இப்போது மறுபடி பலவீனமானவர்கள், இரண்டு மூன்று சேர்ந்தே வைத்திருப்பவர்கள். ஏஎல்எஸ் மிகவும் அரிது. கை பலவீனம் என்று வரும் ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு அது இருப்பதாகச் சும்மா ஒரு கணக்குக்கு எடுத்துக்கொண்டால், நோய் உள்ளவர், இல்லாதவர் என்று இரு பக்கமும் 95 சதவீதம் சரியாகச் சொல்லும் மெஷின்கூட அந்தப் பத்தில் ஒன்பது சொச்சத்தைப் பிடிக்கும்போது, நோயில்லாத கிட்டத்தட்ட ஐம்பது பேரையும் சேர்த்துப் பயமுறுத்தும்.

தசைநோய்ப் பக்கத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. டூஷென் என்கிற தசைச்சிதைவு நோய் சின்னப் பையன்களுக்கு வருவது. அதற்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மரபணு 1980-களின் இரண்டாம் பாதியிலேயே அகப்பட்டுவிட்டது. இன்றைக்கு சிகே என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு எகிறியிருந்தால் நேராக மரபணுச் சோதனைக்குப் போகிறார்கள், மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு அதில் மரபணுவின் ஒரு துண்டே காணாமல் போயிருப்பது தெரிந்துவிடும். ஐந்து வயதுப் பையன் தொடையில் ஊசி குத்தி அழவிட வேண்டிய அவசியமே பல நேரம் இல்லை. அந்த நோயை ஈஎம்ஜியில் கண்டுபிடிக்க மாடல் கட்டுகிறோம் என்று வருகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது, யாரும் கேட்காத கேள்விக்கு விடை எழுதாதே என்று.

அதற்காக மெஷினே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். சும்மா இருக்கிற தசையில் வரும் சத்தங்களை வகைபிரிப்பது மெஷினுக்கு நல்ல வேலை. ஜப்பானில் 2019-ல் சிலர் அந்த சத்தத்தைப் படமாக மாற்றி, படம் பார்க்கப் பழகிய நெட்வொர்க்குகளுக்கே கொடுத்து நன்றாகச் செய்து காட்டினார்கள். "இந்த நோய்" என்று அது தீர்ப்புச் சொல்லாது, "இந்தச் சத்தம் இது" என்று மட்டும் சொல்லும். மிச்சத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். இருபதாவது நோயாளியில் காது களைத்துப்போகும்போது அப்படி ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஊசி சரியான இடத்தில் இருக்கிறதா என்று சொல்வதும் நல்ல வேலை: அலை எழும்பும் நேரம் அரை மில்லி செகண்டுக்குள் இருந்தால்தான் இழைகள் ஊசிக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று அர்த்தம், அதற்கு மேல் போனால் அளப்பதே வீண். "கொஞ்சம் நகர்த்துங்க" என்று மெஷின் சொன்னால் கற்றுக்கொள்ளும் மாணவ டாக்டர்களுக்கு எவ்வளவு உபயோகம். புக்தால் கையால் அளந்த அந்த இருபது அலைகளை நொடியில் அளந்து கொடுப்பதும் அப்படியே. இதெல்லாம் ஸ்லைடில் ஹாக்கிங் படம் போட முடியாத வேலைகள், அதனால் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை.

இந்த வருஷக் குழுவிடம் ஆளை வைத்துப் பிரித்துக்கொண்டு வரச் சொன்னேன். துல்லியம் தொபுக்கென்று விழுந்தது. குழுவில் ஒரு பெண், சிதம்பரத்துப் பிள்ளை, நன்றாக புரோகிராம் எழுதுகிறவள், கண்ணில் நீர் முட்ட வந்து நின்றாள். "எக்ஸ்டர்னல் வந்தா இவ்வளவு கம்மியா காட்டினா மார்க் போடுவாங்களா சார்?" போடுவார்களா என்று எனக்கும் உத்தரவாதம் இல்லை. பழைய எண்ணையும் புது எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஏன் விழுந்தது என்று நடுவில் ஒரே ஒரு படம் போடு என்று சொன்னேன். போட்டாள். வெளியிலிருந்து வந்த அந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் அந்த ஸ்லைடில்தான் அதிக நேரம் நின்றார், ஆனால் மார்க் என்னவோ பழைய எண் போட்ட வேறு குழுவுக்குத்தான் அதிகம் விழுந்தது. அது நடக்கத்தான் செய்யும்.

இப்போது அவர்களை வேறு வேலையில் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஈஎம்ஜி ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் ஒரு அட்டவணை இருக்கும்: எந்தத் தசை, சும்மா இருக்கும்போது என்ன, அலையின் உயரம், நீளம், எத்தனை யூனிட் சேர்கிறது. மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தால் டாக்டர் எந்த வரிசையில் யோசித்தார் என்பது பல நேரம் அப்படியே தெரியும். அடுத்த ஊசி எங்கே என்று பரிந்துரைக்கக் கற்றுக்கொள்ளும் மாடலுக்கு அந்த அட்டவணைதான் பாடம், சிக்னல்கூட இரண்டாம்பட்சம். குத்துகளின் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் நோயாளிக்கு அது லாபம். ஆனால் பெரும்பாலான அட்டவணைகள் காகிதமாக, ஃபைலுக்குள் கிடக்கின்றன, பாதி கையால் எழுதியவை. நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, பெயரை நீக்கி, ஒரு சில மருத்துவமனைகளிலாவது இதைச் சேர்க்க முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடலூர், பாண்டி, விழுப்புரம் பக்கத்தில் ஈஎம்ஜி அறையில் வேலை பார்க்கிற டெக்னீஷியன் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: எந்தத் தசையை எந்த வரிசையில் எடுத்தீர்கள் என்பதையும், எடுக்கும்போது கையின் சூடு எவ்வளவு என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதி வையுங்கள். அந்த இரண்டு கட்டமும் நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கின்றன.